மருத்துவர் புற்றுநோய்ப் பணியைத் தேடிச் செல்வது ஏன்?

(மருத்துவ மாணவர், ஆசிரியர், உத்தியோகத்தர், கமக்காரர் ஆகியோர் கூடிய பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்டது ஒரு கேள்வி. பள்ளிப் பருவந்தொட்டுக் கண்விழித்துப் படித்து, மருத்துவ பீடத்தில் ஐந்தாண்டும் உள்ளகப் பயிற்சியில் ஓராண்டும் கழித்து, மருத்துவர் என்னும் பெயரைப் பெற்ற ஓர் இளைஞர், புற்றுநோய்ச் சிகிச்சையைத் தமது வாழ்நாட் பணியாகத் தெரிந்தெடுப்பது ஏன்? இருதய மருத்துவம் உண்டு. கண் மருத்துவம் உண்டு. மகப்பேற்று மருத்துவம் உண்டு. அவற்றிற் புகழும் உண்டு, பொருளும் உண்டு. இத்தனையும் இருக்க, மக்கள் பெயர் சொல்லவும் அஞ்சும் ஒரு நோயின் வாசலிற் போய் நிற்பானேன்?

இது மருத்துவருக்கு மாத்திரம் உரிய கேள்வி என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு சமூகம் எத்தகைய மருத்துவரை மதிக்கிறதோ, அத்தகைய மருத்துவரையே அது பெறும். ஆதலால், இக்கேள்விக்குரிய விடையில் உத்தியோகத்தருக்கும் பங்குண்டு, கமக்காரருக்கும் பங்குண்டு, பெற்றோருக்குப் பெரும்பங்குண்டு.

கூடாத வருத்தமா?

எமது ஊர்களில் இந்நோயைப் பெயர் சொல்லி அழைப்பவர் குறைவு. 'கூடாத வருத்தம்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்லுவோம். அயலவர் அறிந்தாற் பிள்ளையின் கலியாணம் குழம்பிவிடும் என்று மறைப்போரும் உளர். ஒட்டுவாரொட்டி என்று அஞ்சி, நோயாளி குடித்த குவளையை ஒதுக்கி வைப்போரும் உளர். புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றும் நோயன்று. நோயாளியின் அருகிலிருந்து உணவூட்டுவதால் எவருக்கும் அது வருவதில்லை.

இந்நோயின் தன்மை யாது? எமது உடல் கோடானுகோடி கலங்களால் ஆனது. கலங்கள் பிரிந்து பெருகுவதும், வேண்டிய அளவு பெருகியதும் நின்றுவிடுவதும் இயற்கை. இவ்வொழுங்கை மீறிச் சில கலங்கள் தாமாகப் பெருகத் தொடங்கி, அயலிலுள்ள பகுதிகளுக்குள் ஊடுருவி, குருதி வழியாகவும் நிணநீர் வழியாகவும் வேறிடங்களுக்குப் பரவுவதே புற்றுநோய். தோட்டத்திற் கோரை பரவுவதைக் கண்ட கமக்காரருக்கு இதனை நீட்டி விளக்கவேண்டியதில்லை. ஒரு மூலையில் முளைத்தபோதே கிழங்கோடு கிண்டி எடுத்தால் தோட்டம் தப்பும். நான்கு பாத்திகளுக்கும் பரவியபின் மண்வெட்டியைத் தூக்கினால் வேலையும் கூடும், விளைவும் ஐயமாகும்.

இந்நோயின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. வாய், மார்பகம், கர்ப்பப்பைக் கழுத்து ஆகியவற்றில் உண்டாகும் புற்றுநோய்களைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டாற் பெரும்பாலானோரைக் குணப்படுத்தலாம். இவை கண்ணாற் பார்த்தும், கையால் தடவியும், எளிய பரிசோதனையாலும் கண்டுகொள்ளக்கூடியவை. இவ்வாறிருந்தும் மக்கள் இறப்பதேன்? பிந்தி வருவதால் இறக்கின்றனர். வந்தும் பார்ப்பதற்கு ஆளில்லாததால் இறக்கின்றனர். பயணம் முடியாமற் பாதியில் விடுவதால் இறக்கின்றனர். இம்மூன்றும் விதியின் செயல்களல்ல, மனிதர் திருத்தக்கூடியவை. மனிதர் திருத்தக்கூடிய சாவு எங்கே மிகுந்திருக்கிறதோ, அங்கே மருத்துவர் செல்லுதல் முறையன்றோ? எமது கேள்விக்குரிய முதல் விடை இதுவே.

துயரிற் பிறந்த ஒரு வைத்தியசாலை

வெறும் தத்துவம் பேசுவதை விடுத்து, இப்பணியைத் தெரிந்தெடுத்த சிலரின் வாழ்வைப் பார்ப்போம்.

புதுக்கோட்டையில் 1886 இற் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. பெண்கள் படி தாண்டிப் படிப்பதே அரிதாயிருந்த காலத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1912 இற் பட்டம் பெற்றவர். சென்னைச் சட்டசபையில் அமர்ந்து, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர் என்றே அவரை எமது மக்கள் அறிவர். அவருடைய வாழ்வின் மற்றொரு பாகம் அத்துணை அறியப்படவில்லை. 1923 இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். தாம் மருத்துவராயிருந்தும் தங்கையைக் காக்க முடியவில்லை. அன்று முதல், புற்றுநோய்க்கெனத் தனி வைத்தியசாலை ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் அவரை விட்டு அகலவில்லை.

எண்ணம் தோன்றிய அடுத்த நாளே கட்டடம் எழுந்துவிடவில்லை. இங்கிலாந்து சென்று, அங்கிருந்த புற்றுநோய் வைத்தியசாலையைப் பார்த்தார். 1935 இற் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் இக்கோரிக்கையை முன்வைத்தார். மாதர் சங்கத்தின் துணையோடு வீடு வீடாக நிதி திரட்டினார். 1952 இல் நேரு அவர்கள் அடிக்கல் நாட்டினார். 1954 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், அடையாறிற் பன்னிரண்டு படுக்கைகளோடு அந்த வைத்தியசாலை திறக்கப்பட்டது. தங்கை மறைந்து முப்பத்தோராண்டுகள் கழிந்திருந்தன! அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வெளிநாட்டிற் புற்றுநோய்ச் சிகிச்சை பயின்று வந்து, தாயின் பணியைத் தம் தலைமேல் ஏற்றார்.

அன்பர்களே! துயரம் எல்லோருக்கும் வருகிறது. எமது வீடுகளிலும் இந்நோய்க்குப் பறிகொடுத்தோர் உண்டு. அந்தத் துயரத்தை முப்பதாண்டு உழைப்பாக மாற்றுவோர் சிலரே. புற்றுநோய்ப் பணிக்கு வரும் மருத்துவர் பலரின் உள்ளத்தில், தாம் காப்பாற்ற முடியாமற்போன ஒருவரின் முகம் இருப்பதுண்டு. தம் வீட்டில் நேர்ந்தது அயல்வீட்டில் நேராமற் காக்கவேண்டும் என்னும் எண்ணம், மருத்துவரை இத்துறைக்கு இழுத்துவரும் வலிய கயிறாகும்.

நல்ல உத்தியோகத்தை விட்டு வந்தவர்

அந்த வைத்தியசாலைக்கு 1955 இல் ஓர் இளம் பெண் மருத்துவர் வந்தார். அவர் பெயர் சாந்தா. சென்னை மயிலாப்பூரில் 1927 இற் பிறந்தவர். விஞ்ஞானி சி. வி. இராமனும் சந்திரசேகரும் அவருடைய உறவினர். மகப்பேற்று மருத்துவத்திலும் பெண்நோய் மருத்துவத்திலும் உயர் பட்டம் பெற்று, அரசாங்கப் பரீட்சையிலும் தேறி, எழும்பூர் மகளிர் வைத்தியசாலையில் உத்தியோகம் கிடைக்கவிருந்த வேளையில், அதனை விடுத்து அடையாறுக்கு வந்தார். அறிந்தோர் வியந்தனர். குழந்தைகள் பிறக்கும் இடத்தை விட்டுச் சாவு மிகுந்த இடத்துக்குப் போகிறாரே என்று எண்ணாதார் யார்?

தொடக்கத்தில் ஊதியமின்றியும், பின்னர் மாதம் 200 ரூபா ஊதியத்துக்கும் அவர் உழைத்தார். வைத்தியசாலை வளவிலேயே குடியிருந்தார். 2021 ஆம் ஆண்டு தைமாதத்தில், 93 ஆம் வயதில் மறையும்வரை அவர் அவ்விடத்தை விட்டகலவில்லை. பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய வைத்தியசாலை, அவர் காலத்தில் இந்தியாவின் புகழ்பெற்ற புற்றுநோய் நிலையங்களில் ஒன்றாயிற்று. கோபால்ட் கதிர்ச் சிகிச்சை அங்கு 1957 இல் வந்தது. புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்கும் மருந்துச் சிகிச்சைக்குமான உயர் பட்டப் படிப்புகள் 1984 இல் தொடங்கின. 2005 இல் மகசேசே விருதும், 2016 இற் பத்ம விபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தன.

இவருடைய வாழ்விலிருந்து நாம் அறிவதென்ன? விருது பெறுவதற்காக எவரும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வளவிற் கிடப்பதில்லை. எங்கே தம்மைப்போல் இன்னொருவர் இல்லையோ, அங்கே தாம் இருக்கவேண்டும் என்பதே அவர் கண்ட கணக்கு. எழும்பூரில் அவர் அமரவிருந்த நாற்காலிக்கு வேறொரு மருத்துவர் வந்திருப்பார். அடையாறிலோ, முதலில் இருந்த மருத்துவர் இருவரே. அந்த இருவரில் ஒருவர் வராதிருந்தாற் பாதி வைத்தியசாலை இல்லையென்றாகியிருக்கும். மருத்துவ மாணவர்களே! உங்கள் துறையைத் தெரிந்தெடுக்கும் நாளில் இக்கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

மாற்ற முடியாதபோது மருத்துவர் எதற்கு?

நோயை மாற்ற முடிந்தால் மருத்துவர் வேண்டும். மாற்ற முடியாதென்று தெரிந்தபின் மருத்துவர் எதற்கு என்று கேட்போர் உண்டு. இதற்கு விடை தந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார்.

அவர் முதலில் தாதியாகப் பயின்றவர். முதுகு நோவினால் அவ்வேலையை விட்டு, வைத்தியசாலைச் சமூக சேவையாளரானார். 1948 இல், இலண்டனிற் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த போலந்து நாட்டு அகதி ஒருவருக்குத் துணையிருந்தார். உற்றார் உறவினரற்ற அம்மனிதர், தாம் விட்டுச் சென்ற 500 பவுணை, அம்மையார் அமைக்க எண்ணிய இல்லத்துக்கென வழங்கினார். இறப்போரின் நோவைத் தீர்க்க விரும்பினால் மருத்துவராகவே ஆகவேண்டும் என்று சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் அறிவுரை கூற, முப்பது வயதைக் கடந்தபின் மருத்துவக் கல்லூரிக்குட் புகுந்து, 1957 இல் மருத்துவரானார். நோவு வந்து நோயாளி கதறியபின் மருந்து கொடுப்பதை விடுத்து, நேரந் தவறாமல் மோர்பின் கொடுத்து, நோவு தலைதூக்காமற் காக்கலாம் என்று காட்டினார். 1967 இற் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தார். இன்று உலகெங்கும் நடைபெறும் நோவு தணிப்புச் சிகிச்சைக்கு அதுவே வழிகாட்டி.

தமிழகத்துக்கு அண்மையிலுள்ள கேரளத்திலும் இப்பணி வேரூன்றியது. கோழிக்கோட்டில் 1993 இல் மருத்துவர் சிலர் தொடங்கிய நோவு தணிப்பு நிலையம், நாளடைவில் ஊர் மக்களையே பணிக்கு அழைத்தது. ஆசிரியரும் கடைக்காரரும் இல்லத்தரசிகளும் பயிற்சி பெற்று, படுக்கையிற் கிடப்போரின் வீடுகளுக்குச் சென்றனர். மருத்துவம் மருத்துவரோடு முடிவதில்லை என்பதை அவர்கள் காட்டினர்.

மாற்ற முடியாத நோயாளிக்கும் நோவில்லாத ஓர் இரவைத் தரலாம். பிள்ளைகளோடு பேசித் தீர்க்கவேண்டியதைப் பேசித் தீர்க்க நேரத்தைத் தரலாம். இதனைத் தோல்வி என்று கருதும் மருத்துவர் புற்றுநோய்ப் பணிக்கு ஏற்றவரல்லர். இதுவும் வைத்தியமே என்று உணர்ந்தவரே அப்பணிக்குரியவர்.

வளர்கின்ற அறிவு

இத்துறைக்கு அறிவாளிகள் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே அறிவு நிற்பதில்லை, கண்முன்னே வளர்கிறது.

குருதிப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் சில கிழமைகளிலோ மாதங்களிலோ இறந்துபோவதே ஒரு காலத்தில் வழக்கம். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் டாக்டர் சிட்னி பார்பர், அமினோப்டரின் என்னும் மருந்தைப் பதினாறு குழந்தைகளுக்குக் கொடுத்து, பத்துக் குழந்தைகளிடம் நோய் தணிந்ததை 1948 இல் அறிவித்தார். அத்தணிவு நிலைக்கவில்லை. எனினும், மருந்தால் இந்நோயை எதிர்க்கலாம் என்னும் வாசல் அன்று திறந்தது. அம்மருந்து பிறந்த ஆய்வுகூடத்துக்குத் தலைமை தாங்கியவர் யார்? பீமவரத்திற் பிறந்து, முத்துலட்சுமி அம்மையார் பயின்ற அதே சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்கள்! அன்று திறந்த வாசலின் வழியே இன்று எத்துணை தூரம் வந்துவிட்டோம்? நல்ல சிகிச்சை வசதியுள்ள நாடுகளில், குழந்தைகளுக்கு வரும் பொதுவான வகைக் குருதிப் புற்றுநோயில் பத்துக் குழந்தைகளில் எட்டுக்கு மேற்பட்டோர் பிழைக்கின்றனர்.

ஒரு மருத்துவரின் ஆயுட்காலத்துக்குள் 'இறப்பது உறுதி' என்ற நோய் 'பிழைப்பது இயல்பு' என்று மாறிய துறைகள் சிலவே. இங்கே சத்திரசிகிச்சை நிபுணரும், கதிர்ச் சிகிச்சை நிபுணரும், நோயியலாளரும், பௌதிகம் அறிந்தவரும், தாதியும் ஒரே நோயாளிக்காகக் கூடி யோசிக்கின்றனர். நோயாளியோடு மருத்துவருக்கு உண்டாகும் உறவும் ஒருநாள் உறவன்று. மாதக்கணக்கிற் சிகிச்சை, ஆண்டுக்கணக்கிற் கண்காணிப்பு. குணமடைந்த பிள்ளை வளர்ந்து கலியாண அழைப்போடு வந்து நிற்பதைக் காணும் பேறு இத்துறை மருத்துவருக்கு உண்டு.

இப்பணியின் சுமையையும் மறைக்கலாகாது. எத்தனை பாடுபட்டாலும் கைநழுவிப்போகும் உயிர்கள் உண்டு. கடுமையான மருந்துகள் நோயாளியை வாட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். கெட்ட செய்தியைச் சொல்லும் கடன் வாரந்தோறும் வரும். சோர்ந்துபோகும் மருத்துவரும் உளர். ஆதலாலேயே, இரக்கம் மாத்திரம் போதாது. உறுதியும், தக்க பயிற்சியும், தோள்கொடுக்கும் சக ஊழியரும் வேண்டும் என்கிறோம்.

எமது மண்ணின் நிலை

இனி எமது மண்ணைப் பார்ப்போம். நீண்ட காலமாகப் புற்றுநோய் என்றால் மகரகம என்பதே இந்நாட்டு மக்கள் அறிந்த வழி. யாழ்ப்பாணத்திலிருந்து அங்கு செல்வதென்றால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். தூரத்தை விடக் காலமே பெரிய சுமை. நோயைக் குணப்படுத்துவதற்கான கதிர்ச் சிகிச்சை பெரும்பாலும் கிழமையில் ஐந்து நாட்களாக ஐந்து முதல் ஏழு கிழமைகள்வரை நடைபெறும். ஒரு வெங்காயத் தோட்டக்காரர் ஆறு கிழமை ஊரை விட்டுப் போனால், பயிருக்குத் தண்ணீர் இறைப்பது யார்? மாட்டைப் பார்ப்பது யார்? துணைக்கு வருபவரின் கூலியை ஈடுசெய்வது யார்? 'அறுவடை முடியட்டும், பிறகு பார்ப்போம்' என்று எத்தனை பேர் நோயை வளரவிட்டனர்! யுத்த காலத்தில் தரைவழி மூடப்பட்டபோது, கப்பலுக்கும் விமானத்துக்கும் அனுமதிச் சீட்டுக்கும் காத்துநின்ற நோயாளிகளின் துயரை நாம் மறக்கவியலாது.

2011 இல், நாட்டின் தென்முனையான தெவிநுவரையிலிருந்து வடமுனையான பருத்தித்துறைவரை, 27 நாட்கள் நடந்து மக்களிடம் பணம் திரட்டினர் சிலர். அந்நடைப்பயணத்திற் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தனர். அப்பணத்தினால் தெல்லிப்பழையில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை 2013 இல் திறக்கப்பட்டது. மட்டக்களப்பிலும் புற்றுநோய்ப் பிரிவு இயங்குகிறது. இவை நல்ல மாற்றங்கள், நன்றியோடு நினைக்கவேண்டியவை. ஆயினும், கட்டடம் தானாக வைத்தியம் செய்யாது. இயந்திரத்தை இயக்குவோர் வேண்டும்; அதனைப் பழுதின்றிக் காப்போர் வேண்டும்; விசேட நிபுணரும், பயிற்சி பெற்ற தாதியரும், நோயியலாளரும் வேண்டும். நடைப்பயணத்தாற் கட்டடத்தைப் பெறலாம். ஆட்களைப் பெறுவதற்கு, எமது பிள்ளைகள் இத்துறையைத் தெரிந்தெடுக்கவேண்டும். அவர்களுக்குரிய பதவிகளையும் கருவிகளையும் வடக்குக்கும் கிழக்குக்கும் மலையகத்துக்கும் தரும்படி அரசாங்கத்தை நாம் தளராமல் வற்புறுத்தவேண்டும்.

தன் மொழியில் அறியும் உரிமை

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறோம். வேறெந்த நோயையும் விடப் புற்றுநோயிற் சொல்லுக்கு இடம் மிகுதி. 'எந்த நிலையில் உள்ளது? குணப்படுத்தும் சிகிச்சையா, நோவைத் தணிக்கும் சிகிச்சையா? மருந்தினால் என்ன வருத்தம் வரும்? எத்தனை முறை வரவேண்டும்?' இவற்றை நோயாளி தன் தாய்மொழியிற் கேட்டுத் தன் தாய்மொழியில் விடைபெற வேண்டும். மொழி விளங்காத இடத்தில், மொழிபெயர்ப்பாளராக நிற்கும் மகனோ மருமகனோ பாதியை மறைப்பார். பாதி அறிந்த நோயாளி பாதியிற் சிகிச்சையை விடுவார். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியென்று அரசியலமைப்பில் எழுதியிருப்பது, நோயாளியின் கட்டிலருகிலும் உண்மையாகவேண்டும்.

மருத்துவத்தைத் தமிழிற் சொல்ல முடியுமா என்று ஐயுறுவோர் எமது வரலாற்றை அறியாதவர். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு, எமது இளைஞர்களுக்கு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அங்காதிபாதம், சுகரணம் என்று உடலமைப்பையும் உடற்றொழிலையும் தமிழ் நூல்களாக்கினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இயன்றது இன்று இயலாதா? நோயாளிக்கு அவருடைய மொழியில் உண்மையை மென்மையாகச் சொல்லவல்ல மருத்துவர், கதிரியந்திரத்துக்கு ஒப்பான செல்வமாவார்.

கமக்காரருக்கு ஒரு விண்ணப்பம்

கமக்காரப் பெருமக்களே! புகையிலையைப் பற்றிப் பேசாது இவ்வுரையை முடித்தால் நாம் கடமை தவறியவராவோம். யாழ்ப்பாணத்தின் செம்மண்ணிற் பல தலைமுறைகளாக வீடு கட்டியதும், பிள்ளைகளைப் படிப்பித்ததும், மருத்துவராக்கியதுங்கூடப் புகையிலைக் காசே. நாற்று நட்டு, பட்டை கட்டித் தண்ணீர் இறைத்து, இலை முறித்து, உலர்த்தி, திருவிதாங்கூருக்குக் கப்பலேற்றிய உங்கள் முன்னோரின் உழைப்பை எவரும் இழித்துரைக்க முடியாது. புகையிலைக்கும் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பை உலகம் தெளிவாக உணரத் தொடங்கியது 1950 இல் வெளியான ஆய்வுகளின் பின்னரே. ஆகையால் இது பழி சுமத்தும் பேச்சன்று.

இன்றோ உண்மை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலையோடு புகையிலை சேர்ப்பது மாத்திரமன்று, பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு 2004 இல் முடிவுசெய்தது. மெல்லும் புகையிலைப் பொருட்களின் உற்பத்தியையும் விற்பனையையும் இலங்கை அரசாங்கம் 2016 இல் தடைசெய்தது. தடைச்சட்டம் எழுதுவது எளிது. மாற்றுப் பயிரும், அதற்கு நியாய விலையும், சந்தையும் காட்டுவதன்றோ அரசாங்கத்தின் கடமை? கமக்காரரைக் கைவிட்டுப் புகையிலையை ஒழிக்க முடியாது என்பதை ஆட்சியாளர் உணரவேண்டும்.

எமது புகையிலை சென்ற அதே திருவிதாங்கூர் மண்ணிலிருந்து ஒரு நற்செய்தியும் வந்திருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில், மருத்துவரல்லாத பணியாளருக்குப் பயிற்சியளித்து, வெளிச்சத்தில் மக்களின் வாயைப் பார்த்துச் சோதிக்கச் செய்தனர். அதன் முடிவு 2005 இல் வெளியாயிற்று. புகையிலையோ மதுவோ பழகியோரிடையே வாய்ப் புற்றுநோயால் இறப்பது, சோதனை நடந்த ஊர்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது. பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. வெளிச்சமும் பயிற்சி பெற்ற கண்ணும் போதும்.

ஆதலால், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு கண்டாலும், இரண்டு மூன்று கிழமையில் ஆறாத புண் இருந்தாலும், வாயைத் திறப்பது கடினமானாலும், நோவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் நோவு இராது. அதுவே இந்நோயின் வஞ்சகம். தாய்மார்களே! மார்பகத்திற் கட்டி தென்பட்டால் வெட்கத்தாலோ அச்சத்தாலோ மறைக்காதீர்கள். பதினொரு வயதளவில் உங்கள் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையிற் கொடுக்கப்படும் தடுப்பூசி, கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயிலிருந்து காப்பது. 2017 முதல் இந்நாட்டில் வழங்கப்படும் அதனை வேண்டாமென்று தடுக்காதீர்கள்.

விடை எம் கையில்

எமது கேள்விக்குத் திரும்புவோம். மருத்துவர் புற்றுநோய்ப் பணியைத் தேடிச் செல்வது ஏன்? இழந்த ஒருவரின் நினைவு முத்துலட்சுமி அம்மையாரை அழைத்தது. வேறு ஆளில்லாத இடம் சாந்தா அம்மையாரை அழைத்தது. தீர்க்கக்கூடிய நோவைத் தீர்ப்பாரின்மை சாண்டர்ஸ் அம்மையாரை அழைத்தது. இம்மூன்று அழைப்பும் இன்று எமது மண்ணில் ஒருங்கே ஒலிக்கின்றன.

பெற்றோர்களே! மகன் மருத்துவன் என்றவுடன், எந்தத் துறையில் வருவாய் அதிகம், சீதனம் எவ்வளவு என்று கணக்கிடும் வழக்கத்தை விடுவோம். 'நான் புற்றுநோய்ப் பணிக்குப் போகிறேன்' என்று பிள்ளை சொல்லும்போது, முகம் சுளிக்காமல் முதுகிலே தட்டிக்கொடுப்போம். யாழ்ப்பாணத்தில் 1978 இல் மருத்துவ பீடம் தொடங்கப்பட்டது. கிழக்கிலும் மருத்துவ பீடம் உண்டு. அங்கிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் இளைஞருட் சிலரேனும் இத்துறைக்கு வந்து, பயிற்சி முடிந்ததும் எமது வைத்தியசாலைகளிலேயே நின்றுழைத்தால், ஆறு கிழமைச் சிகிச்சைக்காகத் தோட்டத்தைக் காயவிடும் கமக்காரர் இல்லாத நாள் வரும்.

இளைஞர்களே! நோயாளி பிந்தி வருகிறார் என்று குறை கூறுகிறோம். மருத்துவரும் பிந்தி வரலாகாது. நீங்கள் முந்தி வாருங்கள்.